டிவியில் நின்றுபோன கப்பல்

எங்கள் ஊரில் எது பழுதானாலும் குற்றவாளி ஒருவர்தான், உப்புக்காற்று. ஃபேன் கிரீச்சிட்டால் உப்பு. கேட்டின் கீல் உடைந்தால் உப்பு. ஃபிரிட்ஜின் அடித்தகடு பொத்தலானால் கேட்கவே வேண்டாம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம், நடுவில் எங்கள் வீடு. வேறு யார் மேல் பழி போடுவது? அதனால் போன ஆடியில் எங்கள் டிவி நொண்டத் தொடங்கியபோது நானும் யோசிக்காமல் உப்பைத்தான் பிடித்தேன். கப்பலில் இருபத்திரண்டு வருடம் ஃபிட்டராக இருந்தவன் நான். இயந்திரம் மக்கர் செய்தால் திறந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் படிப்பு.

வெறும் டிவியாக இருந்தால் போகிறது சனியன் என்று விட்டிருப்பேன். ஆனால் அந்த டிவிக்குள் என் மகனின் கப்பல் இருந்தது.

மகன் சரக்குக் கப்பலில் ஃபோர்த் இன்ஜினியர். கிளம்பும் முன் அம்மாவுக்காக டிவியின் பிரவுசரில் ஓர் உலக வரைபடத்தைத் திறந்து கொடுத்துவிட்டுப் போனான். கடலில் போகும் கப்பல்களெல்லாம் அதில் சின்னச் சின்ன அம்புக்குறிகளாகத் தெரியும். கப்பலின் பேரை அடித்தால் அது எங்கே இருக்கிறது, எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகிறது என்று காட்டும். அன்றோடு என் மனைவி சீரியல் பார்ப்பதை விட்டாள். காலையில் ஜெபமாலை, பிறகு கப்பல். மத்தியானம் மீன் அரிந்து கை கழுவியதும் கப்பல். அந்தப் பக்கத்தை அவள் ஒரு நாளும் மூடியதில்லை. டிவியை அணைத்தாலும் படம் உள்ளே திறந்தபடியேதான் கிடக்கும்.

சிங்கப்பூரிலிருந்து பிரேசிலுக்குப் போகிற கப்பல். மொரீஷியஸ் பக்கம் போகும்போது பையன் போன் செய்தான்.

"கப்பல்ல ஆன்டெனா தகராறுப்பா. எப்ப வேணாலும் நெட்டு நின்னு போவும். பார்ட்டு பிரேசில் போயித்தான் கிடைக்கும். அம்மாவ படத்தப் பாத்துக்கிடச் சொல்லுங்க, அதுக்கு சிக்னல் வேற."

சொன்னபடியே மறுநாள் கப்பலில் நெட் நின்றது. நாங்கள் படத்தைப் பார்த்தோம். அம்பு நாளுக்குக் கொஞ்சமாக நகர்ந்து, தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குக் கீழே வந்து சேர்ந்தது. வந்த இடத்தில் நின்றுவிட்டது. மறுநாளும் அங்கேயே நின்றது. நான்காம் நாளும் அங்கேயே.

அந்த இடத்துக் கடல் எனக்குத் தெரியும். ஒரு பக்கமிருந்து அலை, எதிர்ப்பக்கமிருந்து நீரோட்டம். இரண்டும் மோதுகிற அந்த இடத்தில் ஒரு தடவை எங்கள் கப்பலின் மெயின் இன்ஜின் நின்று, ஒன்பது மணி நேரம் கட்டை மாதிரி உருண்டோம். அந்தக் கதையை நான் வீட்டில் சொன்னதே இல்லை. இப்போது அம்பு அங்கே நிற்கிறது, அந்தக் கப்பலின் இன்ஜின் ரூமில் என் பிள்ளை இருக்கிறான்.

"டிவி ஸ்லோவா கிடக்குளா, வேற ஒண்ணுமில்ல" என்று மனைவியிடம் சொன்னேன். பொய்யில்லை. ரிமோட்டை அழுத்திவிட்டுப் போய் முகம் கழுவி வரலாம். அப்போதும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் டிவி நின்றதா, கப்பலே நின்றதா என்பது எனக்கு உறுதியாகத் தெரியாது. மும்பையில் இருக்கும் கப்பல் கம்பெனி ஆபீஸைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் இவள் பயந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தது நான்தான்.

அவள் சாப்பாட்டுத் தட்டில் மட்டும் சோறு அப்படியே கிடந்தது.

சனிக்கிழமை காலையில் டிவியைச் சுவரிலிருந்து இறக்கினேன். உப்பு ஏறக்கூடாது என்று அவள் பழைய பெட்ஷீட்டில் தைத்த உறையைக் கழற்றி, கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, பின்பக்க மூடியின் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். திருப்புளி கையில் இருந்தவரை மனசுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. உள்ளே பார்த்தால் தூசி, உடைந்த பல்லி முட்டை ஓடு ஒன்று. உப்பு பேருக்குக்கூட இல்லை. பிரஷ்ஷால் துடைத்து மூடி மாட்டியபோது ஒரு திருகாணி கையில் மிஞ்சியது. டிவியைச் சுவரில் ஏற்றிப் போட்டேன், அம்பு அதே இடத்தில்.

அவள் குசினியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"மாட்டிட்டியளா? கப்பல் போவுதா?"

"இன்னும் இல்ல."

தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகுதான் வீம்பை விட்டுக் காயல்பட்டினத்துக்குப் போன் போட்டேன். அங்கே என் பழைய கூட்டாளி ஒருவர் இருக்கிறார். ஒரே கப்பலில் நான் ஃபிட்டர், அவர் எலெக்ட்ரீஷியன். பிறகு பல வருடம் கல்ஃபில் இருந்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டார். என்னைவிட மூத்தவர் என்பதால், அந்த ஊர் வழக்கப்படி அண்ணன் என்பதற்குக் காக்கா என்றே கூப்பிடுவேன்.

நான் செய்த வேலையைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மொதல்ல திருப்புளிய கீழ வைங்க தம்பி. இரும்புச் சாமான் ஒங்களுக்கு, கரன்ட் சாமான் எனக்குன்னு கப்பல்லயே பேசி முடிச்சாச்சுல்லா?"

வீடியோ காலில் வரச் சொன்னார். என் மனைவி தன் போனை டிவிக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். அவர் சொல்லச் சொல்ல நான் ரிமோட்டில் அமைப்புகளுக்குள் போனேன். அம்மா வாசிக்கட்டும் என்று பையன் எல்லாவற்றையும் தமிழில் மாற்றி வைத்திருந்தான். சேமிப்பிடம் என்ற பக்கத்தில் இடம் நிறைந்துவிட்டது என்று சிவப்பில் இருந்தது. எது நிறைத்தது என்று பார்த்தால், பட்டியலின் உச்சியில் கப்பல் படம் ஓடுகிற அந்த பிரவுசர்.

"பாத்தியளா? ஒவ்வொரு தடவ படம் பாக்கும்போதும் அதுல ஒரு நகல டிவி உள்ள எடுத்து வைக்கும், அடுத்த தடவ சீக்கிரமா காட்டலாம்னு. நீங்க ஒரு நாளும் மூடல, அழிக்கல. இப்ப புதுப் படம் வர எடமில்ல. பழசயே காட்டுது" என்றார் காக்கா.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. இன்ஜின் ரூமின் அடியில் தண்ணீரும் எண்ணெயும் கசிந்து சேர்ந்துகொண்டே இருக்கும். அதை பில்ஜ் என்போம். தவறாமல் இறைக்க வேண்டும். இவள் மூன்று மாதமாக பில்ஜ் இறைக்காமல் டிவியை ஓட்டியிருக்கிறாள்.

திரையில் 'தற்காலிகச் சேமிப்பை அழி' என்று ஒரு வரி. அதற்குக் கீழே 'தரவை அழி' என்று இன்னொன்று.

"மேல உள்ளத அழுத்துங்க. கீழ உள்ளதத் தொடவேண்டாம், அத அழிச்சா பாஸ்வேர்டெல்லாம் திரும்பப் போடணும்."

நான் விரலை வைத்தேன். அவள் ரிமோட்டைப் பிடுங்கிவிட்டாள்.

"அழிக்கப்பிடாது."

எங்கள் வீட்டில் ஆள் கடலுக்குப் புறப்பட்ட நாளில் வீடு பெருக்க மாட்டோம். கப்பல் ஏறிவிட்டான் என்று சேதி வந்த பிறகுதான் விளக்குமாறு மூலையை விட்டு வெளியே வரும். என் அம்மா எனக்காக அப்படி இருந்தாள். இவளும் இருந்தாள், இப்போது மகனுக்காக இருக்கிறாள். அப்படிப்பட்டவளிடம் டிவி வந்து அழிக்கவா என்று கேட்கிறது.

"பிள்ள நடுக்கடல்ல நிக்கான். அவன் கப்பல் நிக்க எடத்த அழிக்கச் சொல்லுதியளா?"

போனுக்குள்ளிருந்து காக்காதான் பதில் சொன்னார். "தங்கச்சி, கப்பல் கடல்ல இருக்கு. டிவில இருக்கது அதோட பழைய போட்டோ. நாம பெருக்கப் போறது வீட்டத்தான், பிள்ளைய இல்ல."

 அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அழிச்ச பொறவும் கப்பல் அங்கனயே நின்னா?"

"நின்னா மும்பைக்குப் போன் போடுதேன். நம்பர எடுத்து வச்சிருக்கேன்."

"அப்ப நீங்களும் அதத்தான் நெனச்சிய."

தலையை ஆட்டினேன். நாலு நாளாக ஒரே வீட்டில், ஒரே பயத்தை ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்திருந்திருக்கிறோம். அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, தானே அழுத்தினாள். அந்த வரியில் இருந்த பெரிய எண் பூஜ்யமானது. காக்கா சொன்னபடி பிளக்கைப் பிடுங்கி, கொஞ்சம் பொறுத்து மறுபடி மாட்டினேன்.

டிவி எழுந்தது. பிரவுசர் உடனே திறந்தது. கப்பலின் பேரை ஒவ்வொரு எழுத்தாக அவளே தேடி அடித்தாள். வட்டம் இரண்டு சுற்றுத்தான் சுற்றியது.

டர்பனுக்குக் கீழே ஒன்றுமில்லை. படம் தானாக இடது பக்கம் நகர்ந்தது. ஆப்பிரிக்காவின் கடைசி முனையைத் தாண்டி, கேப்டவுனையும் விட்டு விலகி, அட்லாண்டிக்கில் பிரேசிலைப் பார்த்தபடி அந்தச் சின்ன அம்பு தெரிந்தது. பக்கத்திலேயே வேகம் பன்னிரண்டு நாட் என்று எழுதியிருந்தது, மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தோம், நகர்ந்தது.

"மாதாவே" என்று அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

"நல்லாருக்கு" என்றார் காக்கா, போன் தரையில் கிடந்ததால் எங்கள் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு. "ஆனா தம்பி, ஒண்ணு கேக்கேன். கப்பல் பேர இந்தப் போன்லயே அடிச்சுப் பாத்திருக்கலாமே?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பையன் டிவியில் காட்டிக்கொடுத்தான், அதனால் கப்பல் டிவியில்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டோம் இரண்டு பேரும். காக்கா சிரித்துக்கொண்டே போனை வைத்தார். இனி காயல்பட்டினம் முழுக்க இதைச் சொல்வார், சொல்லட்டும்.

அவள் உடன்குடிக் கருப்பட்டி போட்டுக் காப்பி கொண்டுவந்தாள். காலையில் தொடாமல் வைத்த இட்லியையும் எடுத்து வந்து டிவிக்கு முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் மிஞ்சிய திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு, அது எந்த ஓட்டைக்கு உரியது என்று டிவியின் பின்னால் தேடிக்கொண்டிருந்தேன்.

"நீங்க கப்பல்ல இருக்கும்போது ஒங்க லெட்டர் கைக்கு வர மூணு வாரம் ஆவும். சிங்கப்பூர்ல இருக்கேன்னு வாசிப்பேன். அன்னைக்கு நீங்க எந்தக் கடல்ல இருக்கியன்னு மாதாவுக்குத்தான் தெரியும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். கோபமில்லை. வாயில் இட்லியோடு சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"நாலு நாளைக்கே நீங்க திருப்புளியத் தூக்கிட்டிய. இருபத்திரண்டு வருசத்துக்கு நான் எதக் கழட்டியிருக்கணும்?"