அத்தானுக்குப் பிடித்தவை

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவரைப் போலக் கொடுத்துவைத்த ரசிகர் உலகத்தில் கிடையாது. மற்றவர்கள் தங்களுக்குப் பிடித்த புத்தகத்தைப் பற்றிப் பேச ஆள் தேடி அலைய வேண்டும். அத்தானுக்கு மட்டும் ஆளைப் பெட்டிக்குள் அடைத்து, கதவையும் சாத்தி, தொங்கவிட்டே கொடுத்துவிடுகிறார்கள்.

லிஃப்டில் சிக்கியவர் பதறாமல் இருக்க, வெளியே எடுக்கும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் விதி. என்ன பேசுவது என்பதற்கு விதி இல்லை. அத்தான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இன்டர்காமை அழுத்தி, "பயப்படாதீங்க" என்பார். அடுத்த மூச்சில் விண்கலம் கிளம்பிவிடும். பூமி அழிந்து, மிச்சமிருக்கும் மனிதர்கள் ஐஸ்பெட்டிக்குள் தூங்கிக்கொண்டே வேறொரு சூரியனுக்குப் போகிற தலையணை தடிமனுக்கு ஒரு நாவல் அது. மூச்சு முட்டிக் கிடப்பவருக்கு, கப்பலில் காற்றுத் தீர்ந்துபோகிற அத்தியாயத்தை அத்தனை ரசித்து வேறு யாராலும் சொல்ல முடியாது. நான் வேலை பார்க்கும் இன்சூரன்ஸ் ஆபீஸும் அத்தான் லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் கட்டடத்தில்தான். ஒருமுறை சிக்கி வெளியே வந்த எங்கள் மேனேஜர், அன்றிலிருந்து ஏழு மாடியும் படியேறுகிறார். நன்றாக இளைத்திருக்கிறார்.

வீட்டிலும் இதே சேவைதான். நாள் முழுக்கப் பழுதான இயந்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, சோபாவில் சாய்ந்து வீடியோ கேம் போடுவார். ஆளே இல்லாத ஒரு கிரகம். அங்கே போய் என்ன செய்வார்? பழுதான இயந்திரங்களைச் சரிசெய்வார். பின்னணியில் அவருடைய இசை ஓடும். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது, பழைய ஃப்ரிட்ஜ் உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். "கண்ண மூடிட்டுக் கேளு" என்பார் அக்காவிடம். அக்கா கண்ணை மூடுவாள், தூங்கிப்போவாள். "பாரு, எப்படி ரசிக்கிறா" என்று என்னிடம் பெருமைப்படுவார்.

அக்காவுக்கு மூடிய இடம் என்றால் குலை நடுக்கம். அத்தானுக்குச் சாப்பாடு கொண்டுவந்தால்கூடப் படியேறித்தான் வருவாள். ஒருநாள் முட்டிவலி தாங்காமல் லிஃப்டில் ஏறிவிட்டாள். அது இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது.

மேலே மோட்டார் அறைக்கு அத்தான் ஓடினார், பின்னாலேயே நானும். பிரேக்கைத் தளர்த்திப் பிடிக்க ஒருவர், சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை மாடிக்குக் கொண்டுவர ஒருவர் வேண்டும். பிரேக்கை நான் பிடித்தேன். இன்டர்காமில் அக்காவுக்கு மூச்சு இரைப்பது கேட்டது. அத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர்மேல் எனக்கு எத்தனை எரிச்சல் இருந்தாலும், அப்போது பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"நான் இருக்கேன், பயப்படாத. அந்தக் கப்பல்ல மொத ஆளா கண் முழிப்பாங்களே, ஒரு டாக்டரம்மா..."

"ஐயோ, அந்தக் கதை வேண்டாங்க! எனக்கு உயிரே போயிடும்!"

"சரி, சரி. அந்த மியூசிக்க நெனச்சுக்கோ..."

"வேண்டாங்க!"

கேமைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து, அவரே மூடிக்கொண்டார். சரக்கு அவ்வளவுதான், தீர்ந்துவிட்டது. பெண்டாட்டிக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைப் பேசினால் போதும். அது என்னவென்றுதான் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் பிரேக்கைப் பார்த்தேன்.

"உனக்கு... உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார். மகள் காலேஜ் முடிக்கப்போகும் நேரத்தில் கேட்டார்.

இரைப்புக்கு நடுவே அக்காவின் பதில் வந்தது.

"பேய்க்கதை."

"என்னது?"

"பேய்க்கதைங்க. மத்தியானத்துல படிப்பேன். ஃபோன்ல கார் ரேஸ் ஆடுவேன், மத்த காரையெல்லாம் இடிச்சுத் தள்ளிட்டுப் போற கேமு. உங்க கப்பல் கதையும் படிச்சாச்சு."

"படிச்சியா? எப்படி இருந்துச்சு?"

"நீங்க மொதல்ல சுத்துங்க, சொல்றேன்."

அத்தான் சுற்றினார். அக்கா சொன்னாள். "அத்தன பேரும் ஊரு ஒறவ விட்டுட்டு வந்திருக்காங்க. முழிச்சதும் ஒருத்தியாவது ஒக்காந்து அழ வேணாமா? எந்திரிச்சதும் பட்டனத் தட்டுறாங்க! எழுதுன ஆளு வீட்டுல யாரும் பேசவே மாட்டாங்களா?" அத்தான் குறுக்கே வாயைத் திறக்கும்போதெல்லாம், "இருங்க, முடிச்சிடறேன்" என்றாள். பேசப் பேச அவளுக்கு இரைப்பு அடங்கிக்கொண்டே வந்தது.

பெட்டி மாடிக்குச் சரியாக வந்து நின்றதும், பிரேக்கைப் பூட்டிவிட்டுத் தடதடவென்று படியிறங்கினோம். அத்தான் கதவில் சாவியை நுழைத்தார்.

"இதோ தெறக்கறேன். ஆனா அழறதப் பத்தி நீ சொன்னியே, அது தப்பு. ஏன்னா அந்த டாக்டரம்மா..."

"தெறக்காதீங்க" என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

"ஏன்? என்ன ஆச்சு?"

"தெறந்தா நீங்க பேச ஆரம்பிச்சிடுவீங்க. நான் இன்னும் பேய்க்கதைக்கே வரல."

அத்தான் சாவியிலிருந்து கையை எடுத்தார். கதவோரமாகத் தரையில் உட்கார்ந்து, "சரி, சொல்லு" என்றார்.