நான் பாழாக்கிய மூன்று மோட்டார்கள்

பதினெட்டாவது வயதில் நான் வேண்டுமென்றே மூன்று மோட்டார்களைப் பாழாக்கினேன். கைப்பிசகு கிடையாது, கவனக்குறைவும் கிடையாது. உட்கார்ந்து யோசித்து, இன்ன இடத்தில் இன்ன தப்பு என்று முடிவு செய்து பாழாக்கினேன். இன்றைக்கு என் பட்டறையில் எவளாவது அப்படிச் செய்தால் முதுகில் நாலு வைப்பேன். அன்றைக்கு எனக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். லயம் என்றால் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறைகள். நான் நடக்கப் பழகும் முன்பே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா காய் எடுத்து என்னை வளர்த்தாள். அந்த அறை எங்களுடையது என்றுதான் பதினாறு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அம்மா காய்ச்சலில் இறந்த பிறகுதான், அது அம்மாவுக்குக் கொடுத்தது அல்ல, அம்மாவின் வேலைக்குக் கொடுத்தது என்று தெரிந்தது. ஆட்களை வேலை வாங்கும் கங்காணி கெட்டவர் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை பொறுத்தார். பதினேழாம் நாள் காலையில் கதவைத் தட்டினார். அவருக்குப் பின்னால் வேறொரு குடும்பம் சட்டிபானையோடு நின்றது.

"என்ன மோளே செய்யிறது? வேலைக்கு ஆளு வந்துருச்சுல்ல" என்றார். அவருக்கே முகம் சரியில்லை.

அந்த வருடம் மழை ஏமாற்றியதில் செடியில் காய் இல்லை. இருந்த ஆட்களுக்கே வேலை பத்தாதபோது எனக்கு யார் கொடுப்பார்கள்? லோடு ஏற்றி இறங்கிய ஜீப்பில் ஒரு தகரப் பெட்டியோடு கீழே வந்தேன். ராசிங்காபுரத்தில் அம்மாவுக்குத் தூரத்து உறவு ஒன்று இருந்தது. நாலு மாதம் வைத்துக்கொண்டார்கள். சோற்றில் குறை வைக்கவில்லை. ஆனால் என் முன்னால் தட்டு வைக்கும் சத்தம் மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு நாள் சாப்பிடாமலே எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போடிக்கு பஸ் ஏறிவிட்டேன். அங்கே பகலில் ஒரு கடையில் ஏலக்காய் பொறுக்கினேன். பொழுது சாய்ந்தால் அதே கடையின் வராந்தாவில் இன்னும் இரண்டு பெண்களோடு படுத்துக்கொண்டேன். கடைக்காரர் அதைக் கண்டுபிடித்து விரட்டிய அன்றுதான், என்னோடு காய் பொறுக்கியவள் அந்த வீட்டைப் பற்றிச் சொன்னாள்.

எங்கேயும் போக இடமில்லாத வயசுப் பெண்களுக்காக ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து நடத்திய வீடு அது. ஏலக்காய் மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கி ஒன்றைத் தட்டி வைத்து எட்டு அறையாகப் பிரித்திருந்தார்கள். சுவரில் ஏலக்காய் வாசம் போகவே இல்லை. பாயசத்துக்குள் குடியிருக்கிற மாதிரி இருக்கும். வீட்டைப் பார்த்துக்கொண்டது ஓர் அக்கா. முப்பது வயதிருக்கும். என்னைப் போலவே முன்கோபி. முதல் நாள் என் பெட்டியைக் காட்டி, "உள்ள இருக்கறத எடுத்து அலமாரியில வையி" என்றாள். நான் வைக்கவில்லை. அந்த வீட்டில் இருந்த காலம் முழுவதும் துணியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டி, துவைத்து மறுபடி பெட்டியிலேயே மடித்து வைத்தேன்.

விடிந்ததும் முதல் ஆளாக வாசலில் போய் நிற்பேன். லயத்தில் அப்படித்தான். ஆள் கணக்கு எடுக்கும்போது நிற்காதவருக்கு அன்றைக்கு வேலை இல்லை. நாலு நாள் வேலை இல்லையென்றால் அறையைப் பற்றிப் பேச்சு வரும். அக்கா கதவைத் திறந்து என்னைப் பார்த்து, "ஏம் புள்ள, பால்காரனுக்குக் காவலா நிக்கிறியா?" என்று சிரிப்பாள். நான் சிரிக்க மாட்டேன். எனக்கு அது விளையாட்டு இல்லை.

வீட்டுக்குப் பின்புறக் கொட்டகையில் பட்டறை. எண்பதுகள் தொடங்கிய சமயம். பள்ளத்தாக்கில் கிணற்றுக்குக் கிணறு மோட்டார் வந்திருந்தது. கரண்ட் கூடியும் குறைந்தும் வந்ததில் மோட்டார்கள் எரிந்துகொண்டே இருந்தன. எரிந்த கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கட்டுவதுதான் எங்களுக்குப் பயிற்சி. தையல் சொல்லித்தரலாமே என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். தையல்காரர்கள் தெருவுக்கு மூன்று பேர் இருக்கிறார்கள், மோட்டார் கட்ட ஆள் எங்கே என்று அக்கா திருப்பிக் கேட்டாள். சொல்லிக்கொடுத்தவர் டிப்ளமா முடித்த இளைஞர். காதை மூடிய கிராப்பு, அகலமான காலர். மாஸ்டர் என்று கூப்பிடுவோம். பாதி நேரம் தலை சீவிக்கொண்டிருப்பார். மீதி நேரத்தில் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்.

கம்பி என் விரலுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஏலக்காயைத் தொட்டே தரம் சொல்லிப் பழகிய கை. கம்பி ஒரு சுற்றுக் குறைந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். ஒரு வருடத்தில் எட்டுப் பேரில் என்னைப் போலக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்ட ஆள் இல்லை.

அப்போதுதான் எங்களில் மூத்தவள் ஒருத்தி யார் உதவியும் இல்லாமல் ஒரு மோட்டாரை முழுக்கக் கட்டி ஓடவிட்டாள். மாஸ்டர் கை தட்டினார். "ஒனக்குப் பயிற்சி முடிஞ்சது" என்றார். அடுத்த வாரம் அவள் தேனியில் ஒரு மோட்டார் கடைக்கு வேலைக்குப் போனாள். காலை பஸ்ஸில் அவளையும் பெட்டியையும் ஏற்றிவிட்டு எல்லோரும் கை அசைத்தோம். அவள் சிரித்துக்கொண்டேதான் போனாள். என் கண்ணுக்கு அந்தச் சிரிப்பு தெரியவில்லை, பெட்டிதான் தெரிந்தது. மோட்டார் ஓடினால் பயிற்சி முடியும், பயிற்சி முடிந்தால் அறை போகும். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. லயத்தில் பிறந்தவளுக்கு அதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

என் முறை வந்தது. பழகுவதற்கென்று வைத்திருந்த இரண்டு பழைய மோட்டார்களில் ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு காயிலில் வேண்டுமென்றே இருபது சுற்றுக் குறைத்தேன். மோட்டார் சூடேறிப் புகைந்தது. "பரவால்ல, அடுத்ததக் கட்டு" என்றார் மாஸ்டர். இரண்டாவது தடவை கம்பியின் மேல்பூச்சை நகத்தால் சுரண்டி இரும்பில் படவைத்தேன். சோதித்தபோது மோட்டாரின் உடம்பிலேயே கரண்ட் பாய்ந்தது. மாஸ்டர் சீப்பைப் பையில் வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"தெரியாதவ செஞ்ச தப்பையே திரும்பச் செய்வா. நீ வகை வகையாச் செய்றியே?" என்றார்.

நான் குனிந்து சிந்திய கம்பித் துண்டுகளைப் பொறுக்கினேன். அவர் அதற்குமேல் யோசிக்காமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

மூன்றாவது தடவைதான் மாட்டிக்கொண்டேன். பழைய மோட்டார்கள் இரண்டும் நான் படுத்தியபாட்டில் எதற்கும் ஆகாமல் போயிருந்தன. அதனால் மாஸ்டர் உண்மையான வேலையிலேயே என்னை உட்காரவைத்தார். ராசிங்காபுரத்து விவசாயி ஒருவருடைய ஐந்து குதிரைச் சக்தி மோட்டார். பொம்பளைப் பிள்ளைகள் கட்டுகிற இடமா என்று முதலில் தயங்கியவர்தான். மற்றக் கடைகளில் பத்து நாள் ஆகும் என்றதால் வேறு வழியில்லாமல் எங்களிடம் வந்திருந்தார். நான் எல்லாக் காயிலையும் அழகாகக் கட்டினேன். ஒன்றை மட்டும் தலைகால் மாற்றி இணைத்தேன்.

ஓட்டிப் பார்க்கும்போது அந்த விவசாயி வந்து பக்கத்திலேயே நின்றார். மாஸ்டர் சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது, நடுங்கியது, சுற்றவில்லை. மாஸ்டர் சட்டென்று அணைத்துவிட்டுத் தலையில் கை வைத்தார். விவசாயி சத்தம் போடுவார், நாலு கெட்ட வார்த்தை பேசுவார், நானும் பதிலுக்கு நாலு பேசலாம் என்று தயாராக இருந்தேன். அவரோ துண்டை எடுத்துத் தரையைத் தட்டிவிட்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"பருத்தி வாடி ஆறு நாளாச்சு ஆத்தா" என்றார் என்னைப் பார்த்து. "ஒன்னக் கொறை சொல்லல. நீ பழகுற புள்ள. நாந்தான் அவசரப்பட்டுக் கொண்டாந்துட்டேன்."

என்னால் தாங்க முடியவில்லை. என் அறைக்காக அவர் பருத்தியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும்.

"தள்ளுங்க மாஸ்டர்" என்றேன். ஸ்பேனரைப் பிடுங்கினேன். மோட்டாரைப் பிரித்தேன். மீட்டர் வைக்கவில்லை, தேடவில்லை. நேராக அந்தக் காயிலுக்குப் போனேன். கட்டை அறுத்து, மாற்றி இணைத்துப் பற்றவைத்து, மறுபடி கட்டி மூடினேன். முக்கால் மணி நேரம். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் சீராக ஓடியது. விவசாயி எழுந்து நின்று அதைக் கும்பிட்டார். வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து நாளைக் காலையில் எடுத்துப் போகலாம் என்று மாஸ்டர் சொன்னார். ஆனால் அவர் கண் என் மேல்தான் இருந்தது. அக்காவும் கொட்டகை வாசலில் வந்து நின்றிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு அக்கா கேட்டாள். "தப்பு எங்க இருக்குன்னு பாக்காமலே எப்படித் தெரிஞ்சது?"

"நாந்தானக்கா வச்சேன்."

"மூணுமா?"

"மூணும்."

"ஏண்டி?"

"மோட்டார் ஓடிருச்சுன்னா ரூமு போயிரும்ல."

அக்காவுக்குக் கோபம் ஏறியது. "கிறுக்கி" என்றாள். "அந்த மனுசன் வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டியே" என்றாள். இன்னும் என்னென்னவோ கத்தினாள். பாதியில் நிறுத்திவிட்டு அங்கிருந்த கம்பிச் சுருள் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "இங்க வந்த அன்னைக்கே ஒனக்கு யாரும் சொல்லலையா?" என்று கேட்டாள்.

"என்னத்த?"

வெளியே வாடகைக்கு ஓர் இடம் கிடைக்கும்வரை இந்த அறை என்னுடையது. பயிற்சி முடிவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வேலை கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. வெளியே போன பிறகும் சரிப்படவில்லை என்றால் திரும்பி வரலாம். இதுதான் வீட்டின் விதி. ஒரு கோப்புக்குள் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். அக்கா அதை எடுத்து வந்து படித்துக் காட்டினாள். சொந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்று தோன்றுவதில்லை. அதற்காக அவள்மேல் எனக்கு வருத்தம் வந்தது, கோபம் வரவில்லை. "தப்பு எங்க மேலயும் இருக்குடி" என்றாள். மறுநாளிலிருந்து, புதிதாக எந்தப் பெண் வந்தாலும் பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே அக்கா அவளை நிறுத்தி அதைச் சொன்னாள். சிலருக்கு மூன்று தடவை சொல்லவேண்டியிருந்தது.

விவசாயியிடம் நானே போய் உண்மையைச் சொல்லவேண்டும் என்றும் உத்தரவு போட்டாள். சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கெடுக்கத் தெரிஞ்ச கைதானே சரியாவும் கட்டும்" என்று சொல்லி அடுத்த மாதம் தம்பியின் மோட்டாரையும் ஏற்றி அனுப்பிவைத்தார்.

வாடகைக்கு அறை தேடியது தனிக் கூத்து. தனியாக ஒரு பெண் எப்படி இருப்பாள் என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். மாமன் மச்சான் யாரும் இல்லையா என்று இன்னொரு வீட்டில் கேட்டார்கள். அக்கா ஒவ்வொரு வாசலிலும் என்னோடு நின்று, இவளுக்கு நாங்கள் பொறுப்பு என்று சொன்னாள். ஆறாவது வீட்டுக்கார அம்மா என் உறவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "எண்ணெ தேச்சுக் குளிச்சா முத்தத்தக் கழுவி விடணும். நா வழுக்கி விழுந்தா ஒன்னத்தான் ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுவேன்" என்றார். அவ்வளவுதான் நிபந்தனை. பட்டறையில் எனக்குச் சம்பளத்துக்கே வேலை கிடைத்திருந்தது. நல்ல நாள் பார்த்து அக்காவும் மற்றப் பெண்களும் வர, பால் காய்ச்சிக் குடித்தோம்.

குடிவந்தும் பயம் என்னை விடவில்லை. எட்டு மாதம் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் போய்ப் பட்டறையைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வருவேன். மாஸ்டருக்கே என்னைப் பார்த்துச் சலித்துவிட்டது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. குரங்கணிப் பக்கம் மலையில் மேகம் இறங்கியிருந்தது. போகாவிட்டால் என்னதான் ஆகும், பார்த்துவிடலாம் என்று ஒரு வீம்பு வந்தது. பாயிலேயே படுத்துக்கொண்டேன்.

பத்து மணி இருக்கும். கதவு பலமாகத் தட்டப்பட்டது. வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். திறந்தால் வீட்டுக்கார அம்மா. என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது.

"நாளைக்கு வேலைக்குப் போயிருவேம்மா. சத்தியமாப் போயிருவேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"போ, போகாம இரு, அது ஓஞ் சோலி. தெருக்கொழாயில தண்ணி வந்திருச்சு. வெரசாக் கொடத்தக் கொண்டா."

குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். யாரும் எதுவும் கேட்காமல் நகர்ந்து எனக்கும் வரிசையில் இடம் விட்டார்கள்.