எட்டு மணிக்குத் திருப்பித் தர வேண்டிய வயலின்கள்

என் தம்பியும் அவன் பெண்டாட்டியும் பிரிந்தபோது வீட்டிலிருந்த எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். கட்டில் அவனுக்கு, பீரோ அவளுக்கு. மிக்சி அவளுக்கு, அதன் சின்ன ஜார் மட்டும் எப்படியோ அவனுக்கு. நான் யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. நானாகவே அவள் பக்கம் போய்விட்டேன். கூடப் பிறந்தவளே இப்படிச் செய்யலாமா என்று சொந்தக்காரர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். வைக்கட்டும். அவன் வீம்பு பிடித்த கழுதை என்பது அவன் தவழ்ந்த காலத்திலிருந்து எனக்குத் தெரியும். இவள் வீம்பில் அவனுக்கு அக்கா. ஆனால் இவளுக்கென்று ஆள் இல்லை.

பங்கு போட முடியாமல் நின்றது ஒன்றுதான். கொஞ்சம் வயலின்கள்.

இருவருக்கும் தொழில் ஒன்று. கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம், ஒரே ஒரு பெட்டி. தட்டினால் தாளம் போடும் சதுர பட்டன்கள், திருக நாலு குமிழ், சின்னத் திரை. அதற்குள்ளேயே முழு இசைக்குழுவும் உட்கார்ந்திருக்கும். ஆனால் பெட்டியோடு வரும் சத்தங்கள் சுமார்தான். நல்ல சத்தம் வேண்டுமானால் கம்பெனிக்குத் தனியாகக் காசு கட்டி, பிளக்கின் என்று ஒன்றை வாங்கி இறக்கிக்கொள்ள வேண்டும். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் நகைக்கடைப் பக்கமே போகாமல் வாங்கியது அந்த வயலின் பிளக்கின். அக்கவுண்ட் அவன் பேரில். ஒரு அக்கவுண்டுக்கு இரண்டு பெட்டி வரை என்பது கம்பெனி சட்டம். அவன் பெட்டி ஒன்று, இவள் பெட்டி ஒன்று. பிரிந்து போகிறவர்களுக்கென்றே போட்ட சட்டம் என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

அவளை எல்லோரும் பெட்டிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறாள். மாலையில் வந்ததும் இஸ்திரி மேசைமேல் பெட்டியை வைத்து, நின்றபடியே வாசிக்க ஆரம்பித்துவிடுவாள். இஸ்திரி போட வேண்டிய துணி எல்லாம் நாற்காலியில் கசங்கிக் கிடக்கும். பேசச் சொன்னால் வார்த்தைக்கு வரி கட்டுகிறவள் மாதிரி பேசுவாள். நான் ஒரு நடனக் குழுவுக்கு உடை தைக்கிறேன். அங்கே இவளைக் கொண்டுபோய் விட்டது நான்தான்.

அந்தக் குழுவின் டான்ஸ் மாஸ்டர் ஒரு பொம்பளைப் புலி. "இந்த நிகழ்ச்சி மேடையில சரியா வந்துச்சுன்னா அடுத்த மாசப் பயணம் முழுக்க நீதான். எட்டு ஊரு. சொதப்பினா எனக்குப் பழைய ரெக்கார்டே போதும், நீ வர வேணாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். பயணம் கிடைத்தால் லென்ஸ் தூசியைச் சுவாசிக்கிற வேலையை விட்டுவிடலாம். இதை அவள் என்னிடம் சொன்னது ஒரே ஒரு முறை. பிறகு அதைப் பற்றிப் பேசவே பயந்தாள்.

கெட்ட நேரம், நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னால் பெட்டி கீழே விழுந்தது. மெக்கானிக் உள்ளிருந்த சர்க்யூட் பலகையையே மாற்றி, நிகழ்ச்சி அன்று மத்தியானம்தான் கையில் கொடுத்தான். அரங்கில் ஒயர்களை மாட்டி ஒத்திகை பார்த்தாள். தாளம் வந்தது, மணிச் சத்தம் வந்தது. கடைசிப் பாட்டைத் திறந்தாள். வயலின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டிப் பூட்டுப் படம்.

"என்னடி ஆச்சு?"

"பலகை மாத்தினதால கம்பெனிக்கு இது புதுப் பெட்டிக்கா. மூணாவது பெட்டி. உள்ள விட மாட்டேங்குது."

"செத்துப்போன பழசைத் தூக்கிட்டு இதைச் சேத்துக்கோயேன்."

"நீக்கற பட்டன் அந்தந்தப் பெட்டியிலதான் இருக்கும். பழசுதான் செத்துடுச்சே. கம்பெனிக்கு எழுதிட்டேன். பதில் வர மூணு நாள் ஆகுமாம்."

பெட்டியோடு வந்த வயலினைப் போட்டுப் பார்த்தாள். சளி பிடித்த ஹார்மோனியம் மாதிரி இழுத்தது. மேடையிலிருந்து மாஸ்டர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

அந்தக் கடைசி ஆட்டத்தில் ஒரு பெண் ஒற்றைக் காலில் நிற்பாள். அவள் நிற்கும் வரைக்கும் வயலின்கள் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். இவள் அந்தப் பெண்ணின் விலா எலும்பைப் பார்த்துப் பார்த்துக் குமிழைத் திருகுவாள். முன்பே பதிந்து வைத்துக்கொண்டால் என்ன என்று நான் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். "அவ எவ்வளவு நேரம் நிப்பான்னு அவளுக்கே தெரியாதுக்கா" என்பாள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

மீதி இருந்தது ஒரே வழி. என் தம்பி தன் பெட்டியிலிருந்து வயலினை நீக்கினால், அந்த இடம் இவளுக்குக் கிடைக்கும். அவனிடம் கேள் என்று அவளிடம் சொன்னால் செத்தாலும் மாட்டேன் என்பாள். நான் பாட்டுக்குப் போனைப் போட்டேன்.

"எனக்கும் இன்னிக்கு நிகழ்ச்சி இருக்குக்கா" என்றான். "எட்டு மணிக்கு. ஒரு கம்பெனி விழா. பாடகி புதுசு, கேட்ட பாட்டையெல்லாம் பாடுவா. வயலின் இல்லாம நான் என்ன பண்ணுவேன்?"

"இவளுது ஏழு மணிக்கே முடிஞ்சிடும்டா. அப்புறம் திருப்பித் தந்துடுவா."

"தரலைன்னா? அவ பெட்டியில ஏறிட்டா அவ கையாலதான் நீக்க முடியும்." பிறகு கேட்டான், "அவ கேக்கச் சொன்னாளா?"

"தெரிஞ்சா என் கையை ஒடிப்பா."

"அப்ப அவளே கேக்கட்டும்."

அட வீம்பே! போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. கோபம் வந்தால் நான் நாலு குண்டூசியை வாயில் கவ்விக்கொள்வேன். இல்லாவிட்டால் சொல்லக் கூடாததைச் சொல்லித் தொலைப்பேன். ஊசியோடேயே போனை அவளிடம் நீட்டினேன். யார் என்று அவள் கேட்கவில்லை. என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். பிறகு மேடையைப் பார்த்தாள். ஒற்றைக் கால்காரி ஓரமாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள்.

போனை வாங்கினாள். "நான்தான்" என்றாள். "எனக்கு வேணும்." தொண்டையைச் செருமினாள். "எட்டு மணிக்குத் தந்துடறேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னானோ, தெரியாது. கொஞ்ச நேரத்தில் பூட்டுப் படம் போய்விட்டது.

அப்பாடா என்று உட்கார்ந்தேன். உட்கார விட்டார்களா? சிறப்பு விருந்தினர் என்று ஒருவர் தாமதமாக வந்தார். வந்தவர் சும்மா போவாரா, மைக்கைப் பிடித்துக்கொண்டார். தன் இளமைக் காலம், தன் இடுப்பு வலி, கலையின் மேன்மை என்று அறுத்துத் தள்ளினார். நான் திரைக்குப் பின்னால் நின்று அந்த ஆளைச் சபித்த சாபம் பலித்திருந்தால் அன்றே மேடையில் சுருண்டிருப்பார். பெட்டிக்காரி கடிகாரத்தைப் பார்ப்பதும் கையைப் பாவாடையில் துடைப்பதுமாக இருந்தாள். ஆட்டம் தொடங்கியபோதே ஏழு தாண்டிவிட்டது.

கடைசிப் பாட்டு வரும்போது எட்டாக ஐந்து நிமிடம்கூட இல்லை. அந்தப் பெண் காலைத் தூக்கினாள். இறக்கு தாயே, இறக்கு என்று நான் கையைப் பிசைந்தேன். அவளுக்கு அன்றைக்கென்று பார்த்து அப்படி ஒரு நிலை வாய்த்தது. நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். பெட்டிக்காரி அவசரப்படவே இல்லை. குமிழ் மெல்ல மெல்லத் திரும்பியது. வயலின்கள் ஏற ஏற, மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை. கால் தரையைத் தொட்டது. ஒரு கணம் கழித்துக் கைதட்டல் இடி மாதிரி விழுந்தது.

மாஸ்டர் மைக்கை எடுத்தார். "இந்த இசையை உங்க கண் முன்னாடியே வாசிச்சது..." என்று கையை நீட்டினார். அவள் நின்ற இடம் காலி. ஒயர்கள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. ஜனம் சிரித்தது. மாஸ்டர் முகம் சிவந்தது. அடிப்பாவி, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை மேடைக்குக் கூப்பிடுகிறார்கள், எங்கே போய்த் தொலைந்தாய் என்று நான் பின்வாசலுக்கு ஓடினேன்.

சந்தில், தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் நின்றாள். கூட்டம் நிறைந்த பிறகு அரங்குக்குள் சிக்னல் செத்துப்போயிருந்தது. பாட்டரியில் ஓடும் பெட்டி ஒரு கையில், ஹாட்ஸ்பாட் போட்ட போன் இன்னொரு கையில், இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"எட்டு ஆயிடுச்சுக்கா" என்றாள். "நான் சொன்ன சொல்லைக் காப்பாத்தலைன்னு நினைச்சிருப்பார்."

தொட்டியின் மேலேயே ஏறிவிட்டாள். வட்டம் நின்றது. வயலின் இருந்த இடத்தில் மறுபடி பூட்டு வந்தது. பூட்டைப் பார்த்து ஒருத்தி அப்படிச் சந்தோஷப்பட்டதை நான் பார்த்ததில்லை.

அதற்குள் மாஸ்டர் வந்துவிட்டார். "மைக்ல கூப்பிட்டா நீ இங்க டவர் புடிச்சிட்டு நிக்கிறியா? என் மானமே போச்சு!" தொட்டியின் மேல் நின்றவளை ஏற இறங்கப் பார்த்தார். "எட்டு ஊருக்கும் வந்து தொலை. அங்கயாவது கூப்பிட்டா மேடைக்கு வா."

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. என் தம்பி. "வந்துடுச்சு" என்றான். "இப்பதான் ஆரம்பிக்கறோம். லைன்லயே இரு."

போனைப் பெட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டான் போல. கூட்டத்தின் சலசலப்பு, ஒரு பெண்ணின் குரல், அதன் அடியில் அதே வயலின்கள். அவள் தொட்டிமேல் உட்கார்ந்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இன்னொரு கை வெறும் காற்றில் குமிழைத் திருகிக்கொண்டிருந்தது. "சீக்கிரமா ஏத்தறார்" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "எப்பவும் இப்படித்தான்."

மூன்றாம் நாள் கம்பெனி செத்த பெட்டியை நீக்கிவிட்டது. அதற்கான மெயில் அக்கவுண்ட்காரனுக்குத்தான் போகும். ஆகவே அவனுக்குத் தெரியும். இவள் பெட்டியிலும் பூட்டு திறந்துவிட்டது. ஆகவே இவளுக்கும் தெரியும். இனிமேல் ஒருவரை ஒருவர் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்த நிகழ்ச்சியன்று சாயங்காலம் அவன் போன் செய்தான். இவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு உனக்கு வேணுமா?" என்றான்.

"எட்டு மணி வரைக்கும்" என்றாள் இவள்.

"அப்ப எட்டுக்கு மேல நான் எடுத்துக்கறேன்."

"சரிங்க."

நான் வாயைத் திறந்தேன். பிறகு நாலு குண்டூசியை எடுத்துக் கவ்விக்கொண்டு, தைக்க வேண்டிய பாவாடையைத் தைக்கப் போனேன்.