வலது பக்கம் கசிவு இல்லை

அந்த மதிப்பீட்டுத் தாள் இன்னும் என் பழைய நாட்குறிப்புக்குள் இருக்கிறது. ‘முன்பக்க ஸ்ட்ரட் – 2’ என்று நான் எழுதியதில், இரண்டைச் சிவப்பு மையால் அடித்து ஒன்றாக்கியிருக்கிறார் எங்கள் மேலாளர். நேற்று அதை எடுத்துப் பார்த்தபோதும் கோபத்தில் கை நடுங்கியது.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கிளைக்கு எங்களை ஏற்றிச் செல்லும் அலுவலகக் கார் அப்போதே பழையது. திருக்கழுக்குன்றம் தாண்டிய பள்ளங்களில் முன்பக்கம் படகைப் போல் ஆடும். துல்லியமானவன் என்று, பட்டறையில் செலவு கேட்டு எழுதிவர என்னை அனுப்பினார்கள். சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஸ்ட்ரட் இரண்டில் இடதில் மட்டும் எண்ணெய் கசிந்தது. எங்கள் ஓட்டுநர் பானெட்டின் வலது ஓரத்தை உள்ளங்கையால் அழுத்திவிட்டார். ஒரு முறையோடு நிற்க வேண்டியது, மூன்று முறை எம்பி அடங்கியது.

“பாத்தியா சார், இன்னா குதி குதிக்குது! ரெண்டுமே அவுட்டு. ரெண்டும் ஒழுவுதுன்னு எய்து.”

கசியாததைக் கசிகிறது என்று எழுதமாட்டேன் என்றேன். மெக்கானிக் சிரித்தார். “ஒரு கால்ல புதுச் செருப்பு, ஒரு கால்ல தேஞ்ச செருப்பு போட்டுகினு நடப்பியா அண்ணாத்த?”

இரண்டுக்கும் விலை, கூலி, வீல் அலைன்மென்ட் எல்லாம் வரிசையாக எழுதினேன். கடைசியில், யாரும் கேட்காமலே, ‘வலது பக்கம் கசிவு இல்லை’ என்று சேர்த்தேன். மேலாளருக்கு அந்த ஒரு வரி போதுமாயிருந்தது. “ஒழுகாததுக்கு எதுக்குய்யா செலவு?” என்று சிவப்புப் பேனாவை எடுத்தார். மூன்று முறை எம்பியதை நான் எழுதவும் இல்லை, வாயால் சொல்லவும் இல்லை.

இரண்டாம் மாதம், மழையில் பிரேக் போட்டபோது கார் ஒரு பக்கமாக இழுத்துப் பாலச் சுவரில் மோதியது. தனியாக ஓட்டி வந்த ஓட்டுநருக்குத் தோள்பட்டை முறிந்தது. ‘கவனக்குறைவு’ என்று விசாரணையில் முடிவெழுதி அவரை வேலையை விட்டே அனுப்பினார் அதே மேலாளர். கட்டுப்போட்ட கையோடு ஓட்டுநர் என்னைப் பார்த்தார். “எல்லாத்தையும் எய்துற ஆளாச்சே நீ, அது குதிச்சத மட்டும் இன்னா சார் எய்தாம வுட்ட?” தாள் என் பையில்தான் இருந்தது. நான் வெளியே எடுக்கவில்லை.

மேலாளர் இப்போதும் கோயிலில் கண்டால் நலமா என்கிறார். நான் பிரகாரத்தின் மறுபக்கம் நகர்ந்துவிடுகிறேன்.

நேற்று என் சொந்தக் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அதுவும் பழையதாகிவிட்டது. “லெப்ட் மட்டும்தான் ஒழுவுது சார். ஒண்ணு போட்டா போதுமா?” என்றார் மெக்கானிக். வலது ஓரத்தை அழுத்தினேன். மூன்று முறை எம்பியது. “ரெண்டும் போடுங்க!” என்று நான் கத்திய கத்தலில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. என் வண்டி என்றதும் எவ்வளவு சுலபமாக வாய் திறக்கிறது!

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளை எடுத்தேன். சிவப்பு மைத் திருத்தத்துக்குக் கீழே ‘சரிபார்த்தேன்’ என்று ஒரு வரி, அதன் கீழே கையெழுத்து. என்னுடையதுதான். ஒரு பிசிறுகூட இல்லை.