கைப்பிடிக்குள் நின்ற ரத்தம்

நாரின் என்கிற மலைப்பகுதியின் சிற்றூர் ஆஸ்பத்திரியில் கனிஷாய் ஒருத்திதான் பிரசவ டாக்டர். பிரசவத்துக்குப் பிறகு பெருகும் ரத்தத்தைத் தையல் போட்டு நிறுத்தும் முறையைக் கற்றுத்தர, வசந்தத்தில் அவளைத் தலைநகர் பிஷ்கெக்குக்கு அழைத்திருந்தார்கள். காலையில் பாடம் கேட்டாள். மதியம் பொம்மைக் கருப்பையில் ஊசி பிடிக்கிற நேரத்தில், மகன் கல்யாணத்துக்குத் திரைச்சீலை வாங்கச் சந்தைக்கு நழுவிவிட்டாள்.

இலையுதிர் காலத்தில் புருல்சா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. ஆனால் கருப்பை இறுகவில்லை; தொளதொளவென்று கிடந்தது. மருந்து ஏற்றியும் பிசைந்துவிட்டும் ரத்தம் அடங்காமல் போகவே, கனிஷாய் வயிற்றைத் திறந்து கருப்பையை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தாள். ரத்தம் நின்றது. கைப்பிடிக்கு நிற்கிற ரத்தம் தையலுக்கும் நிற்கும். அந்த அளவு பாடம் நினைவிருந்தது. கால்சட்டை வார் போல நூல் இருபுறமும் ஏறி இறங்கும் என்பதும் தெரியும். ஊசி எங்கே நுழைந்து எங்கே வெளிவரும் என்பதுதான் தெரியவில்லை. பிடியைத் தளர்த்தினால் மறுபடி கொட்டியது.

மயக்க மருந்து கொடுக்கும் தாஷ்தான் மெல்லச் சொன்னார்: "அக்கா, அந்தத் தையலப் போட்டுப் பாருங்களேன். நீங்கதான் போய்ப் படிச்சுட்டு வந்தீங்களே."

நர்ஸ் நூல் கோத்த ஊசியை நீட்டினாள்; கனிஷாய் அதை வாங்கவில்லை. கருப்பையை அகற்றினாள். புருல்சா பிழைத்தாள்.

எழுந்து உட்கார்ந்ததும் புருல்சா கேட்டாள்: "வேற வழியே இல்லையா அக்கா?"

இல்லை என்று கனிஷாய் சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

"இருந்துச்சும்மா. எனக்குத்தான் போடத் தெரியல."

புருல்சா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். புருஷனிடம் அவள் எதுவும் சொல்லவில்லை போலும். தொட்டில் விருந்தில் அவன் கனிஷாயை மரியாதை இடத்தில் உட்காரவைத்து, நல்ல கறித்துண்டாகப் பார்த்து அவள் முன் வைத்தான். தன் பெண்டாட்டி உயிரோடு இருப்பதே இவரால்தான் என்று ஊர் கேட்கச் சொன்னான். புருல்சா முகம் பார்க்காமல் தேநீர்க் கிண்ணத்தை நீட்டினாள். கனிஷாய் கறியைத் தொடாமல் அந்தக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபடி பிஷ்கெக் போனாள். மகன் வயதுப் பிள்ளைகளோடு நின்று, விரல்களுக்குப் பழகும்வரை பொம்மையைத் தைத்தாள். குளிர்காலத்தில் இன்னொருத்திக்கு அதே போல ரத்தம் பெருகியது. நூல் ஏறி இறங்கி இறுகியது. ரத்தம் நின்றது, கருப்பையும் தப்பியது.

கை கழுவுகிற இடத்தில் தாஷ்தானிடம் திரைச்சீலைக் கதையைச் சொன்னாள்.

"தெரியாதுன்னு அன்னைக்கே புரிஞ்சுதுக்கா," என்றார் அவர். "ஊசிய வாங்கவே நீங்க கை நீட்டலையே."