காணாமல் போன ஊசிமுனை

நாலு மணிக்கு லாரி கிளம்ப வேண்டும். மூன்றேகால் ஆகியும் ஊசிமுனை கிடைக்கவில்லை.

வெளிநாட்டுக்குக் குழந்தைச் சட்டை தைக்கிற கம்பெனியில் இது கறாரான சட்டம். ஊசி ஒடிந்தால் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, நோட்டில் டேப் போட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் சரக்கு நகராது. எங்கோ ஒரு பிள்ளையின் கழுத்தில் குத்தினால் ஆர்டரே போய்விடும்.

ஒடிந்தது காலர் அக்காவின் மிஷினில். காலர் வைப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது, அதனால் அந்தப் பெயர். சாப்பிட்டு வந்து உட்கார்ந்ததும் ஊசி விரலில் ஏறி ஒடிந்தது. ஒடிந்ததைச் சொன்னாள், விரலைச் சொல்லவில்லை. ரத்தக்கறை படும் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு சட்டைக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் இருப்பவளுக்கு அன்றைக்குக் கூலி அவ்வளவுதான். துணித்துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டு அவளும் எல்லோரோடும் சட்டை சட்டையாகத் தடவிப் பார்த்தாள்.

மாடியிலிருந்து தம்பி தடதடவென்று இறங்கி வந்தான். கூடப்பிறந்தவன். பத்து வருஷத்துக்கு முன்னால் இருவரும் பக்கத்துப் பக்கத்து மிஷின். முதல் வெளிநாட்டு ஆர்டர் வந்தபோது அந்த நாட்டுக்காரர்களோடு அவர்கள் பாஷையில் பேசக் கற்றுக்கொண்டான், மேனேஜராகி ஏசி அறைக்குப் போனான். இப்போது அவன் ஒரு மாசச் சம்பளத்துக்கு அவள் ஒரு வருஷம் தைக்க வேண்டும்.

"அக்கா, கடைசியா எங்க பாத்த?"

"பாத்திருந்தா எடுத்துக் குடுத்திருக்க மாட்டேனா?"

"ஒங்க ஷூவுல மாட்டியிருக்கப் போவுது சார்," என்றாள் பட்டன் வைப்பவள். அவன் நிஜமாகவே காலைத் தூக்கிப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

அவன் அக்காவின் காதருகில் குனிந்தான். "வேற ஊசிய ஒடிச்சு ஒட்டிரலாம். நீ கையெழுத்து மட்டும் போடு."

"எவளோ பெத்த பிள்ளைடா அது. மாட்டேன்."

"லாரி போகலேன்னா என் வேலையே போயிரும். பிடி பேனாவ!"

கையைப் பிடித்துப் பேனாவைத் திணித்தான். விரலுக்குள்ளிருந்து சுருக்கென்று ஏறியது வலி. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். உள்ளே கெட்டியாக ஏதோ இருந்தது.

சொன்னால் மறைத்தது வெளியே வரும். சுற்றிலும் நாற்பது பெண்கள் ரெண்டு மணி நேரமாகச் சும்மா தேடிக்கொண்டிருக்கிறார்கள். துணியைப் பிரித்தாள்.

"டேய், இங்க இருக்குடா."

சூப்பர்வைசர் முதலுதவிப் பெட்டியிலிருந்து இடுக்கி எடுத்து வந்தார். அவள் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டாள். முனை வெளியே வந்ததும் தம்பி வெடுக்கென்று வாங்கி மற்றத் துண்டுகளோடு வைத்துப் பார்த்தான். கச்சிதமாகப் பொருந்தியது.

"அப்பாடா! நல்ல வேள, துணிக்குள்ள இல்ல."

"ஆமா சார்," என்றாள் பட்டன்காரி. "அக்கா வெரல நாம எக்ஸ்போர்ட் பண்றதில்லயே."

அவன் முகம் சுண்டிப் போயிற்று. "அக்கா, இரு, கார்லயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"மொதல்ல லாரிய அனுப்பு, போ."

இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். திரும்பிப் பார்த்தபோது அவள் ஸ்டூலில் வேறொருத்தி உட்கார்ந்து காலர் வைத்துக்கொண்டிருந்தாள்.

கேட்டுக்குப் பக்கத்துப் பெஞ்சில், கட்டுப் போட்ட விரலை மேலே தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தாள். லாரி தாண்டிப் போயிற்று. பின்னாலேயே தம்பி வந்தான், ஒரு கையில் கார்ச் சாவி, காதில் போன். வாய் நிறையச் சிரித்து வேற்று பாஷையில் பேசிக்கொண்டே, அக்காவைப் பார்த்து ஒரு நிமிஷம் என்று விரலைத் தூக்கிக் காட்டினான்.