நீல வார் செருப்பும் ஐந்து தக்கைகளும்

மீன் சாப்பிடாத வீட்டுக்காரன் மீன் பிடிக்கப் போவானா? நான் போனேன். ஒன்றரை வருஷம், அநேகமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல், வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போனேன்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் வீட்டில் மீன் கிடையாது. என் மனைவியின் தம்பி கார் நிக்கோபாரில் ஒரு காண்ட்ராக்டரிடம் எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போயிருந்தான். போய் இருபது நாள்கூட ஆகவில்லை. உடம்பு கிடைக்கவில்லை. "கடலோட போனவனை எது தின்னுச்சோ, அதுக்கு நான் மசாலா அரைச்சுக் கொழம்பு வைக்கணுமா?" என்று ஒருநாள் கேட்டாள். அதோடு சரி. மீன் சட்டியைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தெலுங்கு அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். அப்போது நாங்கள் இருக்கும் தீவில் பல வீடுகளில் இதே நிலைமைதான். ஜங்லிகாட் மார்க்கெட்டில் மீன்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சில மாதங்களில் மற்றவர்கள் பழையபடி வாங்க ஆரம்பித்தார்கள். இவள் வாங்கவில்லை.

சாப்பாட்டிலிருந்து மீன் போனதில் எனக்கு வருத்தமில்லை. சரி, பொய், வருத்தம்தான். ஆனாலும் அதைப் பொறுத்துக்கொண்டேன். தூண்டிலைத்தான் விட முடியவில்லை. ஹேடோவில் கப்பல் சரக்கு இறங்கும் கிடங்கில் எனக்கு வேலை. ஆறு நாளும் கிரேன் சத்தம், லாரி சத்தம், ஐந்து பாஷையில் வசவு. வீட்டுக்கு வந்தால் ஒரு பேச்சும் இருக்காது. கப்பல் சங்கு ஊதினால் மட்டும் இவள் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போவாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருவாள். அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துவிடுவேன்.

போவது சிப்பிகாட் பக்கம். நிலநடுக்கத்தில் அங்கே தரையே இறங்கிப்போய், வயலுக்குள் வந்த கடல் தண்ணீர் திரும்பவே இல்லை. தென்னையும் பாக்கும் தலையில்லாமல் தண்ணீரில் நின்றன. முதல் நாள் எங்கே தூண்டில் போடுவது என்று புரியாமல் நின்றேன். ரோட்டோரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு பெங்காலி நின்றிருந்தார், என் வயதுதான் இருக்கும். "உதர் டாலோ, பாயி. மேரா நாலா உதர் ஹை" என்று கையை நீட்டினார். அவருடைய வாய்க்கால் அந்தப் பக்கம் இருக்கிறதாம், அங்கே போடச் சொன்னார். அப்புறம்தான் விளங்கியது, மூழ்கிக் கிடந்தது அவருடைய வயல். மனுஷன் சொன்னது அச்சு அசலாகச் சரி. மீனெல்லாம் இன்னும் அந்தப் பழைய வாய்க்கால் வழியாகத்தான் போய் வந்தது. நாலடி தள்ளி வரப்பு இருந்த இடத்தில் போட்டால் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒன்றும் கடிக்காது.

அந்தச் சுகத்தை மறைப்பானேன்? கோதுமை மாவில் மஞ்சளும் பூண்டும் சேர்த்துப் பிசைந்து, மிளகளவு உருண்டை உருட்டி முள்ளில் வைப்பேன். தக்கை தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும். ஜிலேபிக் கெண்டை என்றால் விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி கொறித்துக்கொண்டே இருக்கும். மடவை அப்படியில்லை, ஒரே இழுப்பு, தக்கை காணாமல் போகும். அந்த ஒரு நொடியில் எனக்குச் செத்தவர்கள் யாரும் கிடையாது, கிடங்கும் கிடையாது. பிடித்த மீனை முள் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிடுவேன். வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா? பெங்காலி முதல் தடவை பார்த்துவிட்டு, "பாகல் ஹோ க்யா?" என்றார். பைத்தியமா என்று கேட்டதில் தப்பொன்றுமில்லை. ஒன்றை அவருக்கு நீட்டினேன். வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார். அந்தத் தண்ணீரிலிருந்து அவரும் எதையும் எடுத்துப் போனதில்லை.

கடையில் விற்கும் பிளாஸ்டிக் தக்கை எனக்குச் சரிப்படாது. தேய்ந்த ரப்பர் செருப்பின் குதிகாலை பிளேடால் அறுத்து, சூடான ஊசியால் துளை போட்டு நானே செய்துகொள்வேன். எங்கள் பக்கம் பலரும் செய்வதுதான். ஒருநாள் பரணில் தேடியபோது, பழைய பேப்பரில் சுற்றி ஒரு ஜோடி கிடைத்தது. வெள்ளை ரப்பர், நீல வார். தீவில் பாதிப் பேர் காலில் கிடப்பது அதுதான். என்னுடைய பழசு என்று நினைத்தேன். செருப்பை யாராவது பேப்பரில் சுற்றி நூல் கட்டி வைப்பார்களா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லையே, பாவி! இவள் எதையும் தூக்கிப் போடமாட்டாள் என்று சிரித்துக்கொண்டே ஒரு குதிகாலை ஐந்து துண்டாக அறுத்தேன். மீதியைப் பழையபடி சுற்றி வைத்தேன்.

ஐந்தில் ஒன்று ஒரு மழை நாளில் போனது. பெரிய மடவை, தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு தக்கையோடு ஓடியது. தண்ணீர் வடிகிற நேரம். தக்கை கொஞ்ச தூரம் குதித்துக் குதித்துப் போய், ரோட்டுப் பாலத்துக்கு அடியில் நுழைந்து கடல் பக்கம் போய்விட்டது. பெங்காலி கைதட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு நாளைக்கு அந்த மீனை நினைத்து மட்டும் வயிறெரிந்தேன்.

டிசம்பரில் மச்சினன் போன நாள் வந்தது. திதி பார்த்துச் செய்ய இவள் இன்னும் சம்மதிக்கவில்லை. குளித்துவிட்டுப் பரணில் ஏறினாள். இறங்கி வந்தபோது கையில் அந்தச் செருப்பு.

"இங்க பாருங்க" என்றாள். அறுபட்ட குதிகாலைக் காட்டினாள். "தம்பி செருப்பு. புது ஷூ போட்டுட்டுப் போறேன், அடுத்த தடவை வந்து எடுத்துக்கறேன் அக்கான்னு விட்டுட்டுப் போனான்."

அவன் கப்பலேறின அன்று எனக்கு டியூட்டி. அவன் எதை விட்டுப்போனான் என்று எனக்குத் தெரியாது. தெரியாதுதான், ஆனால் என் வாயில் வந்தது வேறு. "எலி கடிச்சிருக்கும்" என்றேன்.

"எலி பிளேடு வச்சா அறுக்கும்?"

கீழே போய் ஸ்கூட்டர் டிக்கியிலிருந்து தூண்டில் பையை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். ஓவர்டைம் பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன்.

"மீன் பிடிக்கப் போறது எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள். "மாவு டப்பா குறையறது தெரியாதா? மனுஷன் எங்கயாச்சும் போய் உக்காந்துட்டு வரட்டும்னு விட்டுட்டேன்."

தக்கைகளை நரம்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தரையில் உட்கார்ந்து, அறுபட்ட குதிகாலில் ஒட்டிவைத்துப் பார்த்தாள். நான்கும் பொருந்தின. ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு இடைவெளி.

"இன்னொண்ணு?"

"மீன் இழுத்துட்டுப் போயிடுச்சு."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "திங்காத மீனுக்கா?"

அவள் நான்கு துண்டுகளையும் செருப்போடு சேர்த்துப் பேப்பரில் சுற்றினாள். நூலை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, முடிச்சுப் போடாமல் நிறுத்தினாள்.

"எந்தப் பக்கம் போச்சு?"

"பாலத்துக்கு அடியில. கடல் பக்கம்."

"அது முங்காதுல்ல?"

"முங்காது" என்றேன். "அது தக்கை. மிதந்துக்கிட்டுதான் இருக்கும்."

தலையை ஆட்டிக்கொண்டு முடிச்சைப் போட்டாள்.